பரணில் ஒன்பது நாள்

ஜூன் 9

அன்புள்ள மூக்கிக்கு,

உன் அண்ணி எழுதுகிறேன். நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டால் மூன்று பக்கத்துக்குப் புலம்பி எழுதியிருப்பாய்.

என் அப்பாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. கட்டைப் பிரித்ததும் முதல் வேலையாக என்னைப் பார்த்து, "என்னம்மா, இவ்ளோ நரைச்சிட்ட?" என்றார். பார்வை வந்துவிட்டது என்று டாக்டர் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பன்னிரண்டு நாள் அவர் கூடவே இருந்துவிட்டு நேற்றுத்தான் திரும்பினேன்.

வந்ததும் வராததுமாகக் கம்பெனிக்குப் போய் இலை உலர்த்தும் பரணுக்கு ஏறினேன். ஏழு சட்டங்களும் காலி. உன் அண்ணன் இலையைப் பையில் கட்டி முந்தாநாளே உங்கள் ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டாராம். எனக்குக் கொஞ்சம் கோபம்தான். ஒன்பது வருஷத்தில் நான் முகர்ந்து பார்க்காமல் அந்தப் பரணிலிருந்து ஒரு பை இறங்கியதில்லை. கெடு நெருங்கிவிட்டது, நான் எப்போது வருவேன் என்று தெரியவில்லை என்றார். அதுவும் சரிதான். சட்டத்தில் கட்டியிருந்த துணிகளைக்கூடத் துவைத்துக் காயப்போட்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து தன் கைக்குட்டையைத் துவைத்தறியாத மனிதர்! அசந்துபோய்விட்டேன். அந்த மகிழ்ச்சியில் கோபம் மறந்துபோயிற்று.

பையில் கட்டும் சீட்டுகளை நான் ஊருக்குப் போகும் முன்பே எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தேன். உன் அண்ணன் கையெழுத்தை உங்கள் ஆய்வகத்தில் எந்தக் கருவியாலும் படிக்க முடியாது. அதனால், "பையில்: முசுடு இலை. உலர்த்திய விதம்: நிழலில், பரணில், ஒன்பது நாள்" என்று எழுதி, உலர்த்தியவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன். அவர் கட்டினால் மட்டும் போதும்.

புது மேலாளர் அந்தச் செடிக்கு ஏன் முசுடு என்று பேர் என்று கேட்டார். வெயில் பட்டால் அதற்குக் கோபம், கையால் அழுத்தினால் கோபம், ஜன்னல் வழியாகப் பனி வந்தாலும் கோபம், கோபம் வந்தால் வாசனையைச் சுருட்டிக்கொண்டு போய்விடும் என்றேன். "உங்களை மாதிரியா?" என்றார். சிரித்துத் தொலைத்தேன். வேறென்ன செய்வது, சோதனை வைப்பவர் அவர்.

அந்தச் சோதனை இதுதான். இரண்டு பைகள். ஒன்று என் பரணில் காய்ந்தது. இன்னொன்று அவர் வாங்க நினைக்கும் சூடுகாற்று இயந்திரத்தில் ஒரே நாளில் காய்ந்தது. எதில் எண்ணெய் அதிகமோ அதை வைத்துக்கொள்வார்கள். இயந்திரம் ஜெயித்தால் பரணைப் பிரித்து அந்த இடத்தில் அதை நிறுத்துவார்கள். எனக்கு அதன் வாய்க்குள் தட்டுத் தள்ளும் வேலை. இன்றைக்குப் பதினொரு பெண்கள் என்னிடம் கேட்டுத்தான் இலையைப் புரட்டுகிறார்கள். நாளைக்கு ஒரு பொத்தானைக் கேட்டுக்கொண்டு நானும் அவர்களில் ஒருத்தியாக நிற்பேன்.

அண்ணியாயிற்றே என்று ஒரு சொட்டுக்கூடக் கூட்டிப் போடாதே. உள்ளதைச் சொல். அது போதும் எனக்கு.

அன்புடன்,
அண்ணி

உறையில்: கடிதம், முசுடு ஒரு கொத்து (போன வருஷத்தது, பீரோவில் துணிகளுக்கு நடுவே இருந்தது. உங்கள் சீட்டு மாதிரியே எழுதிவிட்டேன் பார்த்தாயா?)


ஜூன் 20

அன்புள்ள அண்ணிக்கு,

பைகள் வந்து சேர்ந்தன. சோதனை முடிந்தது. அறிக்கையை விதிப்படி நேராகக் கம்பெனிக்கே அனுப்பிவிட்டோம்.

இங்கே வேலை அதிகம். நீளமாக எழுத முடியவில்லை, மன்னியுங்கள். அறிக்கையின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி அச்சிட்டிருக்கும்: "இம்முடிவு வந்து சேர்ந்த மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்." அதை நீங்கள் கவனிக்க வேண்டும். முடிவு எப்படி இருந்தாலும் மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

உங்கள் அப்பா கண்ணில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூக்கி

உறையில்: கடிதம்.


ஜூலை 4

மூக்கிக்கு,

"மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்." நல்ல வாக்கியம். அதை மேலாளரிடம் சொல்லியிருக்கலாம். அவர் உன் அறிக்கையைப் பொட்டலம் கட்டும் அறையில் எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்து உரக்கப் படித்தார்.

இயந்திரத்தில் காய்ந்த இலை: நூறு கிராமுக்கு ஒன்று புள்ளி எட்டு மில்லி எண்ணெய். பரணில் காய்ந்த இலை: புள்ளி ஏழு. திரும்பவும் படித்தார், எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்துவிட்டார். "ஒன்பது நாள் தவம், அரை வரம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரித்தார்கள். என்னிடம் வேலை பழகியவள் ஒருத்தியும் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் பரணைப் பிரிக்கிறார்கள். தச்சர் வந்து அளவெடுத்துவிட்டுப் போனார்.

ஆறு வருஷமாக என் பைகளைச் சோதிக்கிறவள் நீ. இரண்டுக்குக் குறைந்து ஒரு தடவையாவது வந்திருக்கிறதா? புள்ளி ஏழு என்று கண்டதும் உனக்கு ஒரு சந்தேகம் வரவேண்டாமா? பைகள் மாறியிருக்கும். உங்கள் ஆட்கள் சீட்டை மாற்றி ஒட்டியிருப்பார்கள். அல்லது இயந்திரக்காரர்கள் யாராவது உன் மேலதிகாரியைப் பார்த்துப் பேசியிருப்பார்கள். எதுவாக இருந்தாலும் அடியில் இருப்பது உன் கையெழுத்து. என் தலையில் கல்லைப் போடும் காகிதத்தில் நீ கையெழுத்துப் போட்டுவிட்டு எனக்கு ஆறு வரி எழுதுகிறாய்.

சொல்லிக் காட்டக்கூடாது என்று இருந்தேன். சொல்ல வைத்துவிட்டாய். நீ மேலே படிக்க வேண்டாம் என்று உன் அண்ணன் பிடிவாதமாக நின்றபோது, அவரோடு மூன்று வாரம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்து உன்னை நகரத்துக்கு அனுப்பியவள் நான். அன்றைக்கு நீ என் தோளில் சாய்ந்து அழுதாய். புடவையெல்லாம் மூக்குச் சளி.

அந்தப் பையில் மீதி இலை இருக்கும். சோதனைக்குப் போக மிச்சத்தை எடுத்து வைப்பீர்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். எனக்கு அது வேண்டும். என் மூக்கால் முகர்ந்து பார்க்க வேண்டும்.

அண்ணி

உறையில்: கடிதம்.


ஜூலை 15

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் சொன்னதில் எதையும் நான் மறக்கவில்லை. அந்தப் புடவை வெளிர்நீலம், ஓரத்தில் கறுப்புக் கரை. அதுகூட நினைவிருக்கிறது.

பைகள் மாறவில்லை. யாரும் யாரையும் பார்த்துப் பேசவில்லை. அந்த இலையின் எண்ணெயை நான் கருவியில் மூன்று முறை ஓட்டினேன். மூன்றிலும் அதே எண்தான் வந்தது.

நீங்கள் இங்கே வந்திருந்தபோது அந்தக் கருவி போடும் வரைபடத்தைக் காட்டினேன், நினைவிருக்கிறதா? எண்ணெயில் இருப்பவை ஒன்றன் பின் ஒன்றாக வெளியே வரும், ஒவ்வொன்றும் காகிதத்தில் ஒரு மலை போடும். லேசானவை முதலில், கனமானவை பின்னால். உங்கள் இலையில் முதல் மூன்று மலைகள் எப்போதும் காகிதத்தின் மேல் விளிம்பைத் தொடும். என் மேலதிகாரி அதை "பரண்காரியின் கையெழுத்து" என்பார். சூடு பட்டால் இலையின் மேலிருக்கும் குட்டி எண்ணெய்ப் பைகள் வெடித்துவிடும். லேசானவை முதல் ஆளாக ஓடிப்போகும், கனமானவை மட்டும் தங்கும். இயந்திரத்தில் சூட்டை அளவாக வைத்தால் பெரிய நஷ்டமில்லை. சூடு கண்டபடி ஏறினால்தான் பாழ். அப்போது முன்னால் இருந்திராத ஒரு சின்ன மேடும் கடைசியில் முளைக்கும்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்று கேட்காதீர்கள். பையில் இருப்பதை மட்டும்தான் நாங்கள் சொல்ல முடியும். சீட்டில் இருப்பது அனுப்பியவர் பொறுப்பு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் இதைத்தான் சொல்லித் தந்தார்கள்.

மீதி இலையில் பாதியை அனுமதி வாங்கி அனுப்புகிறேன். வெள்ளைத் துணியில் கொட்டிப் பாருங்கள். முகர்வதற்கு முன்னால் பாருங்கள்.

இதற்கு மேல் என்னிடம் எதுவும் கேட்காதீர்கள், அண்ணி. கெஞ்சிக் கேட்கிறேன்.

மூக்கி

உறையில்: கடிதம், இலை நாற்பது கிராம்.


ஜூலை 28

மூக்கி,

வெள்ளைத் துணியில் கொட்டிப் பார்த்தேன்.

நல்ல பச்சை. கண்ணைப் பறிக்கும் பச்சை. என் இலை ஒருபோதும் அப்படி இருக்காது. ஒன்பது நாளில் அது சாம்பல் பூத்து, பார்க்க அழகில்லாமல், தொட்டால் தோல் மாதிரி வளையும். இது அப்பளம் மாதிரி நொறுங்கியது. முகர்ந்தால் வைக்கோல். அடியில் துணியோடு ஒட்டிக்கொண்டு சிவப்பாக என்னவோ பொடிப்பொடியாக இருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தேன். துரு.

பரணில் இரும்பு கிடையாது. சட்டம் மரம், ஆணி மரம், கீல்கூடத் தோல். உனக்கே தெரியும். துரு இருக்கும் இடம் இந்தக் கட்டடத்தில் ஒன்றுதான்: கீழே, கொதிகலன் அறையில், நீராவிக் குழாய்களின் மேல். அங்கே வேலை பார்க்கிறவர் யார் என்பதும் உனக்குத் தெரியும்.

துணியை அப்படியே நாலு மூலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். உன் அண்ணன் அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  அவர் முன்னால் பெஞ்சில் விரித்து வைத்தேன். விரலால் துருவைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ரெண்டு நாள் ஜன்னல மூட மறந்துட்டேன். பனி உள்ள பூந்து எல்லாம் கறுத்துப்போச்சு. நீ வந்து பாத்தா என்ன சொல்வியோன்னு பயம்."

அவ்வளவுதான் கதை. கறுத்த இலையைக் கொட்டிவிட்டு, புதிதாகப் பறித்து வந்து, தட்டில் பரப்பிக் குழாய் மேல் வைத்து ஒன்றரை நாளில் காயவைத்து, என் கையெழுத்துப் போட்ட சீட்டைக் கட்டி அனுப்பியிருக்கிறார். அப்புறம் கறை போகத் துணியைத் துவைத்திருக்கிறார். அதைப் பார்த்து நான் அசந்துபோனேன். உனக்கு எழுதி வேறு பீற்றிக்கொண்டேன்.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன் என்று நினைக்கிறேன். பயந்தவரைத்தான் கட்டிக்கொண்டேன், தெரிந்தே கட்டிக்கொண்டேன். ஆனால் அவர் தலையைத் தூக்கி ஆச்சரியமாக என்னைப் பார்த்துக் கேட்டார்: "மூக்கி உன்கிட்ட சொல்லலியா? அவளுக்குத்தான் அப்பவே தெரியுமே."

அப்பவே.

நீ வரைபடத்தைப் பார்த்த அன்றே ஆபீஸ் போனில் அவரைக் கூப்பிட்டிருக்கிறாய். அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். "அவகிட்ட சொல்லாத, நான் பாத்துக்கறேன்" என்றாராம். நீ சரி என்றாயாம். பிறகு உட்கார்ந்து, சூட்டில் வெந்த இலை என்று தெரிந்த இலைக்கு நேரே, "நிழலில், பரணில், ஒன்பது நாள்" என்று எழுதி, என் பெயரையும் எழுதி, புள்ளி ஏழு என்று போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறாய். வந்து சேர்ந்த மாதிரிக்கு மட்டுமே பொருந்துமாம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள உனக்கு எப்படி மனசு வந்தது?

உலராத இலைக்கு முன்கூட்டியே கையெழுத்துப் போட்டது என் தப்பு. அதை நான் யார் மேலும் தள்ளவில்லை. ஆனால் நான் அப்படிப் போட்டது உங்கள் இரண்டு பேரையும் நம்பி. ஒருவர் கட்டுவார், ஒருத்தி திறப்பாள், நடுவில் நான் இல்லாவிட்டால் என்ன என்று நினைத்தேன்.

அண்ணனைக் காப்பாற்றினாய். ரத்தம். நான் யார், கட்டிக்கொண்டு வந்தவள். பதினாறு வருஷமாக இது என் நினைவுக்கே வந்ததில்லை. நீதான் ஞாபகப்படுத்தினாய்.

சாப்பாடு போடுகிறேன், அவர் சாப்பிடுகிறார். பேச்சு இல்லை. இந்த முறை மூன்று வாரத்தில் முடிகிற பேச்சில்லாமை இல்லை.

உறையில்: கடிதம், துரு ஒரு சிட்டிகை.


ஆகஸ்ட் 10

அன்புள்ள அண்ணிக்கு,

ஆமாம். அப்பவே தெரியும்.

மூன்று மலைகளும் படுத்துக் கிடந்தன. கடைசியில் அந்தச் சின்ன மேடு. வரைபடம் பாதி வரும்போதே எழுந்து போய் அண்ணனுக்குப் போன் செய்தேன். அவர் அழுதார். அவர் அழுது நான் கேட்டதே இல்லை, எங்கள் அப்பா செத்தபோதுகூட. என்னால் யோசிக்க முடியவில்லை. சரி, சரி என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். போனை வைத்த பிறகு யோசிக்க நிறைய நேரம் இருந்தது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அதற்கு என்னிடம் சாக்கு எதுவும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜூன் கடிதத்தில் போன வருஷத்துக் கொத்து ஒன்று வைத்திருந்தீர்கள். அதையும் ஓட்டிப் பார்த்தேன். ஒரு வருஷம் பீரோவில் கிடந்த கொத்து, புதிதாக வந்த பையைவிட உயரமாக மலை போட்டது. அந்தக் காகிதத்தை மேஜை இழுப்பறையில் ஒளித்து வைத்தேன். அதை எடுத்து மேலதிகாரியிடம் நீட்டினால் போதும், உங்கள் பரண் தப்பித்திருக்கும். ஏழு வாரம் இழுப்பறை திறக்கும்போதெல்லாம் அது மேலாக இருந்தது.

வீட்டில் நீங்கள்தான் பலசாலி, உங்களுக்கு ஒரு பரண் போனால் இன்னொன்று கட்டிக்கொள்வீர்கள், அண்ணனுக்கு அந்த வேலையும் மானமும் போனால் எழுந்திருக்க மாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பலசாலி என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கலாம் என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது.

உங்கள் துருவை உறையோடு எடுத்துக்கொண்டு போன திங்கட்கிழமை மேலதிகாரி முன்னால் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். பழைய அறிக்கையை ரத்து செய்து திருத்திய அறிக்கை அன்றைக்கே கம்பெனிக்குப் போய்விட்டது: "சீட்டில் குறிப்பிட்ட விதத்தில் இம்மாதிரி உலர்த்தப்படவில்லை. பகுப்பாய்வாளர் இதனை அறிந்திருந்தார்." இரண்டாவது வாக்கியத்தை நான்தான் சேர்க்கச் சொன்னேன். மறுசோதனை வைக்கும்வரை பரணைப் பிரிக்க வேண்டாம் என்று தனியாகவும் எழுதினார்.

எனக்கு இனிமேல் கையெழுத்து அதிகாரம் இல்லை. வாசல் பக்கம் மாதிரி வாங்கும் மேஜையில் உட்கார வைத்திருக்கிறார்கள். பையைப் பிரித்து, சீட்டைப் பார்த்து, எண் போட்டு உள்ளே அனுப்புவேன். பரிதாபப்படுவீர்கள் என்று சொல்லவில்லை. உங்கள் அடுத்த பையை முதலில் தொடப்போவது நான்தான் என்பதற்காகச் சொல்கிறேன்.

அண்ணனை மன்னிக்கச் சொல்லி நான் கேட்க முடியாது. எனக்காகவும் கேட்கத் தைரியம் இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் உறையைப் பிரித்தால் அறை முழுக்க முசுடு மணக்கும். பக்கத்து மேஜைக்காரி எட்டிப் பார்த்து, "உங்க அண்ணி லெட்டரா?" என்பாள். கடைசி இரண்டு கடிதங்களில் கொத்து இல்லை. அடுத்த கடிதத்தில் ஒன்று வையுங்கள், அண்ணி. பழசானாலும் பரவாயில்லை.

உங்கள்
மூக்கி

உறையில்: கடிதம், வரைபடம் இரண்டு (பையினுடையது, கொத்தினுடையது).


செப்டம்பர் 12

அனுப்புநர்: பரண் பொறுப்பாளர்
பெறுநர்: மாதிரி பெறும் மேஜை, ஆய்வகம்

அம்மையீர்,

பொருள்: மறுசோதனைக்கு மாதிரி அனுப்புதல்.

தங்கள் திருத்திய அறிக்கையின் பேரில் பரணைப் பிரிக்கும் வேலை நிறுத்தப்பட்டது. அறிக்கை எங்கள் மேலாளரின் மேஜையில் பத்து நாள் பிரிக்கப்படாமல் இருந்ததால், அதற்குள் ஏழு சட்டங்களில் நான்கு கழற்றப்பட்டுவிட்டன. மீதி மூன்றில் இந்த இலை உலர்த்தப்பட்டது.

உலர்த்திய விதம்: நிழலில், பரணில், ஒன்பது நாள். ஒன்பது நாளும் பரணின் சாவி என்னிடம் மட்டுமே இருந்தது. இரவிலும் பரணிலேயே தங்கினேன். சீட்டில் என் கையெழுத்து, இலையை முகர்ந்து பார்த்து, பையைக் கட்டி, முடிச்சுக்கு அரக்கு வைத்த பிறகு போடப்பட்டது.

தாங்கள் அனுப்பிய இரண்டு வரைபடங்களையும் பெற்றுக்கொண்டேன். அவற்றை மேலாளரிடம் ஒப்படைத்து ரசீது வாங்கியிருக்கிறேன்.

பையைத் திறக்கும்போது தங்களைத் தவிர இன்னொருவரும் உடனிருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சோதனைக்குப் போக மீதியாகும் இலையை அங்கே யாரும் வைத்துக்கொள்ள வேண்டாம். முழுவதையும் எடை போட்டுத் திருப்பி அனுப்பவும்.

இப்படிக்கு,
பரண் பொறுப்பாளர்

பையில்: முசுடு இலை, ஐந்நூறு கிராம்.
உறையில்: இந்தக் கடிதம் மட்டும்.